எழுபத்திரண்டு படிகள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்துவிட்டு, மனுஷன் எவ்வளவு சாதுவாக எழுதுகிறான் பார் என்று சிரிக்கக் கூடாது இல்லையா? எழுபதுகளின் பிற்பாதியில் சிங்கப்பூரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். பொறியியல் வரைபடமும் இயந்திர வடிவமைப்பும் என் பாடங்கள். கோடு தடித்திருந்தால் கத்துவேன். அம்புக்குறி கோணலாக இருந்தால் கத்துவேன். அளந்தாயா, இல்லை நினைத்துக்கொண்டாயா என்று ஒரு நாளைக்குப் பத்து முறையாவது ஆங்கிலத்தில் கேட்பேன். மாணவர்கள் என் முதுகுக்குப் பின்னால் அதையே சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள் என்று தெரியும். சிரிக்கட்டும், அளந்துவிட்டுச் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் துறைக்குக் கம்ப்யூட்டர்கள் வந்தன. பன்னிரண்டு பெட்டிகள், நாற்பது மாணவர்கள். அதுவரை நாங்கள் மின்விசிறிக்கு அடியில், தாளில் வியர்வை சொட்டாமல் இருக்க மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வரைந்தவர்கள். பெட்டிகள் வந்த பிறகுதான் ஏர்கோன் போட்ட குளிர் அறை கிடைத்தது, அதுவும் எங்களுக்காக இல்லை, பெட்டிகளுக்காக. முதல் மாதம் நான் அந்த அறைக்குள் முறைத்துக்கொண்டே போய் முறைத்துக்கொண்டே வெளியே வந்தேன். ஒரு வட்டம் போட இத்தனை எண்களைத் தட்ட வேண்டுமா, காம்பஸில் மூன்று நொடியில் போடுவேனே என்று மாணவர்கள் காதுபட முணுமுணுத்தேன்.

இரண்டாவது மாதம் கவிழ்ந்துவிட்டேன். என்னைக் கவிழ்த்தது நகலெடுக்கும் கட்டளை. ஒரு பற்சக்கரத்துக்கு நாற்பது பல் என்றால் கையால் நாற்பதையும் வரைந்தாக வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பல்லை வரைந்துவிட்டு நாற்பது என்று தட்டினால், திரையில் பச்சைக் கோடுகளாக முழுச் சக்கரமும் முளைத்துவிடுகிறது. அதைப் பார்த்த அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் அரை மணி நேரம் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, சோறு ஆறுது" என்றாள். அடுத்த வாரமே வகுப்பில் சொல்ல எனக்குப் புது வசனம் ஒன்று கிடைத்துவிட்டது. ஒன்றை ஒழுங்காக வரை, மற்றதை நகலெடு. எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குக் கால் போனது. என்னைவிட எட்டு வயது மூத்தவள். கணவர் இறந்த பிறகு சிராங்கூன் சாலையில் ஒரு புடவைக் கடையில் ரவிக்கை வெட்டும் வேலைக்குப் போய், மகனைத் தனியாளாக வளர்த்தவள். சர்க்கரை நோயில் கால்விரலில் வந்த புண் ஆறவே இல்லை. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் பொருத்திப் பார்த்தார்கள், அதுவும் உரசி உரசிப் புண்ணானது. இன்னும் ஒரு வருஷமாவது சக்கர நாற்காலிதான் என்றார் டாக்டர். அக்கா அதற்கெல்லாம் அசரவில்லை. "உக்காந்து வெட்டுற வேலைதானே? இதுலயே உக்காந்து வெட்டிட்டுப் போறேன்" என்றாள்.

வேலைக்குப் போய்ச் சேருவதில்தான் சிக்கல். அவள் வீடு ஈசூனில் ஒரு அடுக்குமாடிப் புளோக்கின் ஏழாம் மாடியில். அந்தக் காலத்துப் புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. அவள் புளோக்கில் ஒன்று, ஐந்து, ஒன்பது, அவ்வளவுதான். மற்ற மாடிக்காரர்கள் மிச்சத்தைப் படியில் நடக்க வேண்டும். இரண்டு கால் இருந்தபோது அக்கா அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. இப்போது அவளுக்கும் ஐந்தாம் மாடி லிஃப்டுக்கும் நடுவே இரண்டு மாடிப் படிகள். லிஃப்ட் நிற்கும் மாடியில் மாற்று வீடு கேட்டு மனுப் போட்டிருந்தோம், வரிசை நீளமாக இருந்தது. அவள் மகன் தேசிய சேவையில் ராணுவ முகாமில் இருந்தான், வார இறுதியில்தான் வருவான். அவனும் நானும் ஒருமுறை அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்காக இறங்கினோம். பாதி வழியில் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கீழே போனதும், "ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் இப்படி. வேலைக்கு நான் மூட்டை மாதிரி போக மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள்.

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். ஆனால் அக்காவின் வருஷம் ஓடுவது தீபாவளியை வைத்துத்தான். அதற்குச் சில வாரங்கள் முன்பே கடையில் ரவிக்கைத் துணிகள் மலையாகக் குவியத் தொடங்கிவிடும். கடை முதலாளி நல்ல மனிதர், மாதக்கணக்கில் அவள் மேசையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். அவரும்தான் என்ன செய்வார்? "தீபாவளி ஆர்டர் ஆரம்பிக்கிற வரைக்கும் பார்க்கிறேன்க்கா. அதுக்கு மேல ஆள் இல்லாம சமாளிக்க முடியாது" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷம் உட்கார்ந்த மேசை. அது கைவிட்டுப் போனால் சன்னலோரம் உட்கார்ந்து எம்ஆர்டி ரயில் பாலம் கட்டுவதை வேடிக்கை பார்ப்பதுதான் இனிமேல் தனக்கு உத்தியோகம் என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

கடைசி ஆண்டு மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு வடிவமைப்புத் திட்டம் செய்தாக வேண்டும். கம்ப்யூட்டரில் மாதிரியை உருவாக்கி, பட்டறையில் அதைப் பொருளாகச் செய்து, மதிப்பீட்டு நாளன்று துறைத் தலைவர் முன்னால் இயக்கிக் காட்ட வேண்டும். அந்த ஆண்டு என்னிடம் வந்தவர்கள் ஒரு சீனப் பெண்ணும் ஒரு தமிழ் இளைஞனும். அவள் ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை பேசினால் அதிகம், ஆனால் விசைப்பலகையில் கை வைத்தால் மற்றவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்ப்பார்கள். பேச்சையெல்லாம் அவளுக்கும் சேர்த்து அவன் பேசிவிடுவான். என்ன செய்யலாம் சார் என்று வந்து நின்றார்கள். படியிறங்கும் நாற்காலி செய்யுங்கள் என்றேன். யாருக்கு என்பதையும், எதற்குள் வேண்டும் என்பதையும் சொன்னேன். அந்தப் பெண் தன் நாட்குறிப்பில் தீபாவளியைத் தேடிப் பிடித்து வட்டம் போட்டுக்கொண்டாள்.

யோசனை அவளுடையதுதான். ஈரச்சந்தையில் காய்கறி வாங்க வரும் அம்மாக்கள் சிலர் இழுத்து வரும் தள்ளுவண்டியில், ஒரு பக்கத்துக்கு மூன்று சின்னச் சக்கரங்களை முக்கோணமாகக் கோத்திருப்பார்கள். படி வந்தால் முக்கோணம் உருண்டு, அடுத்த சக்கரம் அடுத்த படியில் உட்காரும். அதையே பெரிதாக்கி நாற்காலிக்கு அடியில் மாட்டலாம் என்றாள். முக்கோணத்தின் அளவு படியின் உயரத்துக்கும் அகலத்துக்கும் கச்சிதமாகப் பொருந்த வேண்டும், அதுதான் அதன் உயிர். எனவே படியின் அளவு வேண்டும் என்றார்கள். நானே எடுத்து வருகிறேன் என்றேன். ஒரு மாலை கல்லூரி முடிந்ததும் அக்கா புளோக்குக்குப் போய், முதல் படியை டேப் வைத்து அளந்து, சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டேன். அக்கா வீட்டுக் கதவு அங்கிருந்து பத்தடி. வீட்டுக்குச் சாமான் வாங்க வேண்டிய அவசரம், உள்ளே போய்த் தலைகாட்டாமல் திரும்பிவிட்டேன்.

அவர்கள் ஒரு படியை வரைந்தார்கள். பதினேழு முறை நகலெடுத்தார்கள். ஒரு மாடிக்குப் பதினெட்டுப் படி, நடுவில் திரும்புவதற்கு ஒரு தட்டு. திரையில் அந்தப் படிக்கட்டு அவ்வளவு அழகாக இருந்தது. பச்சைக் கோட்டு நாற்காலி ஒவ்வொரு படியாகத் தவழ்ந்து இறங்குவதை அவள் நாற்பது படங்களாகச் செய்து, ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினாள். பேனா பிடித்து வரையும் இயந்திரம் அதைப் பெரிய தாளில் கீச்சுக்கீச்சென்று வரைந்து தள்ளியது. துறைத் தலைவர், ரொம்பக் கறார் பேர்வழியான சீனர், வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவர் தலையாட்டுவதே அபூர்வம். பட்டறையில் அதே அளவில் ஐந்து மரப்படி செய்து போட்டு ஓட்டிப் பார்த்தோம். வெண்ணெயாக இறங்கியது. நான் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

தீபாவளிக்கு ஏழு வாரம் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை, நாற்காலியை வேனில் ஏற்றிக்கொண்டு ஈசூனுக்குப் போனோம். அக்காவை உட்கார வைப்பதற்கு முன்னால் அவள் எடைக்கு ஈடாக அரிசி மூட்டை வைத்து இறக்கிப் பார்க்கலாம் என்றான் தமிழ் மாணவன். எனக்கு அது வீண் வேலை என்றுதான் பட்டது, நல்லவேளை வாயைத் திறக்கவில்லை. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா ஒரு மூட்டையும், நாங்கள் ஒரு மூட்டையும் போட்டோம். நாற்காலி பின்பக்கமாக இறங்கும்படி வடிவமைத்திருந்தோம், உட்காருபவர் முகம் மேலே பார்த்திருக்கும். கீழ்ப்பக்கம் நின்று பிடிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். படியின் தலைப்பில் தன் சக்கர நாற்காலியில் அக்கா, பக்கத்தில் மலாய்க்கார அம்மா, இடுப்பில் கைவைத்தபடி.

எட்டுப் படி அற்புதமாக இறங்கியது. ஒன்பதாவது படியிலிருந்து தட்டுக்கு இறங்கும்போது கீழ்ச் சக்கரம் எதிர்பார்த்ததற்கு முன்பே தரையைத் தொட்டுவிட்டது. மேல் சக்கரம் படி விளிம்பில் மாட்டிக்கொண்டது. முக்கோணம் பூட்டிக்கொள்ள, நாற்காலி என் பக்கமாகச் சாய்ந்தது. நான் ஒதுங்குவதற்குள் மூட்டை என் தோளில் இடித்து, கைப்பிடி ஆணியில் கிழிந்து, தலையோடு அரிசி கொட்டியது. சட்டைக்குள், காலணிக்குள், படியெல்லாம் அரிசி.

"உன் கல்யாணத்துலகூட உன் தலையில இவ்வளவு அரிசி விழலடா" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவள் முதலில் நிறுத்தினாள். "சரி, சிரிச்சாச்சு. இப்ப சொல்லு. மூட்டைக்குப் பதிலா நான் இருந்திருந்தா?"

பதில் இல்லாதபோது எனக்கு வருவது கோபம்தான். மாணவர்கள் பக்கம் திரும்பி, படி அளவு எப்படித் தவறியது, சரிபார்த்தீர்களா இல்லையா, மூன்று வருஷம் என்னிடம் என்ன படித்தீர்கள் என்று மாடிப்படி அதிரக் கத்தினேன். தமிழ் மாணவன் தலையைக் குனிந்துகொண்டான். சீனப் பெண் என்னை நேராகப் பார்த்து, அன்றைக்கு அவளுக்கு உண்டான ஆறு வார்த்தைகளையும் ஒரேயடியாகச் செலவழித்தாள்.

"ஒன்றை வரை, மற்றதை நகலெடு என்றீர்கள், சார்."

வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம். அரிசியோடு நின்றேன். அக்கா காரணத்தை விசாரித்தாள். ஒரே ஒரு படியைத்தான் அளந்தேன் என்பதை நான் விழுங்கி விழுங்கிச் சொன்னேன்.

"அடப்பாவி! அந்தத் தட்டுக்கு இறங்குற படி கட்டையா இருக்குன்னு இந்த மாடியில சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பைப் உடைஞ்சப்ப மேல திரும்ப சிமெண்ட் பூசினாங்க. காலோட இருந்தப்ப நான் தெனமும் அங்க தடுக்குவேன். என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. வாசல் வரைக்கும் வந்தவன் உள்ள வர மாட்டியா?" என்றாள். பிறகு மாணவர்களைப் பார்த்து, "ஒருத்திக்கே ரெண்டு தோளும் ஒண்ணா இருக்காது தம்பி. நான் ரெண்டையும் அளப்பேன். உங்க சார் பதினெட்டுப் படிக்கு ஒரு படியை அளந்துட்டு வந்திருக்காரு" என்றாள். தமிழ் மாணவன் அதை அப்படியே அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தான். கொஞ்சம் அதிக உற்சாகமாகவே மொழிபெயர்த்தான் என்று எனக்குத் தோன்றியது.

அரிசியைக் கூட்டி அள்ளிய பிறகு அக்கா எங்களை உள்ளே கூப்பிட்டுப் பசியாற வைத்தாள். தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே கேள்வியும் கேட்டாள். அவள் கேட்டது ஒவ்வொன்றும் நாங்கள் யோசித்தே பார்க்காதது.

"யாரு பிடிப்பா என்னை? நீயா? தெனமும் காலையில கிளாஸை விட்டுட்டு வருவியா?" எதிர்வீட்டு அம்மா நான் பிடிக்கிறேன் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள் என்றாள். அந்த அம்மா என் தோளுயரம்கூட இல்லை. நாங்கள் கைப்பிடியை வைத்திருந்ததோ என் உயரத்துக்கு.

"அது என்ன பின்பக்கமா இறக்குறது? நான் போற எடத்தை நான் பார்க்க வேண்டாமா? அன்னைக்கு நீங்க தூக்கிட்டுப் போனப்ப கண்ணை மூடிக்கிட்டேனே, எதுக்குன்னு நெனச்சே?" வலி என்று நினைத்திருந்தேன். அப்படியே சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "வலி இல்லடா, பயம்" என்றாள்.

அடுத்தது, சாயங்காலம் எப்படி மேலே ஏறுவது என்று கேட்டாள். ஏற்றும்போது இரண்டு பேர் வேண்டும், ஆள் ஏற்பாடு செய்யலாம் என்று நான் இழுத்தேன். அக்கா கரண்டியை நிறுத்தினாள். "எதுக்கு ஏறணும்? லிஃப்ட்ல ஒன்பதாம் மாடிக்குப் போயிட்டு அங்கேருந்து ரெண்டு மாடி இறங்கி வந்தா வீடு. காலையிலயும் இறக்கம், சாயங்காலமும் இறக்கம்."

நானும் தமிழ் மாணவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏற்றுவதற்கு மோட்டார் வைக்கலாமா, கப்பி வைக்கலாமா என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். மொழிபெயர்ப்பு முடிந்ததும் அந்தச் சீனப் பெண் எழுந்து போய் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எதற்கு என்று அக்காவுக்குப் புரியவில்லை, கையில் மாவு என்று விலக்கப் பார்த்தாள்.

"இன்னொண்ணு" என்றாள் அக்கா. "கடை வாசல்ல ரெண்டு படி இருக்கு. அதை எவன் அளந்தான்?"

அன்று பிற்பகலே அளக்கத் தொடங்கினோம். ஒன்பதிலிருந்து ஐந்து வரை நான்கு மாடி, எழுபத்திரண்டு படி. மாணவன் மண்டியிட்டு உயரத்தையும் அகலத்தையும் கூவுவான், மாணவி எழுதுவாள், நான் இரண்டாம் முறை அளந்து சரிபார்ப்பேன். மலாய்க்கார அம்மா தேத்தண்ணியும் குவே பலகாரமும் கொண்டு வந்து படியிலேயே வைத்தாள். அந்த வழியாக இறங்கியவர்கள் எல்லாம் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள், சிலர் நின்று எந்தப் படி வழுக்கும், எந்தப் படி உடைந்திருக்கிறது என்று தாங்களாகவே சொல்லிவிட்டுப் போனார்கள். எழுபத்திரண்டில் ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை. சின்னச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் இருந்தது.

அடுத்த வாரம் சிராங்கூன் சாலைக்குப் போனோம். கடை வரிசைக்கு முன்னால் கூரை போட்டிருக்கும் நடைபாதையை எங்கள் ஊரில் அஞ்சடி என்போம். கடைக்குக் கடை அதன் மட்டம் மாறும், ஒரு கடை வாசலில் ஒரு படி, அடுத்ததில் இரண்டு, நடுவில் சாக்கடைப் பலகை. டேப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நகர்ந்த தமிழ் மாணவன், பூக்கடை வாளியில் முட்டிக்கொண்டான். "யோவ், சாமிக்குப் போற பூவுய்யா! கண்ணு எங்க இருக்கு?" என்று பூக்காரர் சத்தம் போட்டார். மன்னிப்புக் கேட்டு ஒரு முழம் மல்லிகை வாங்கினான். அதை என்ன செய்வது என்று தெரியாமல் சீனப் பெண்ணிடம் நீட்டினான், அவள் அளவுப் புத்தகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். புடவைக் கடை முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து நாங்கள் படியை அளப்பதைப் பார்த்தார். "இந்த ரெண்டு படிக்குப் பிடிச்சு ஏத்த நம்ம பசங்க இருக்காங்க. நெசமாவே வந்துடுவாங்களா அக்கா?" என்று கேட்டார். வந்துவிடுவாள் என்று சொன்னேன். சொல்லிவிட்டு இரண்டு படியையும் இன்னொரு முறை அளந்தேன்.

அதன் பிறகு நான் வகுப்பில் வாயை அடக்கிக்கொண்டேன். எழுபத்திரண்டு படியையும் அந்தப் பெண் தனித்தனியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். படம் முன்புபோல் அழகாக இல்லை, எத்துப்பல் வரிசை போலக் கோணல்மாணலாக இருந்தது. அதில் நாற்காலியை ஓட விட்டால் எந்தெந்தப் படியில் மாட்டுகிறது என்று தெரிந்தது. முக்கோணத்தைச் சிறிதாக்கினார்கள். சக்கரங்களின் கைகளுக்குள் ஸ்பிரிங் வைத்து, கட்டைப் படி வந்தால் கொஞ்சம் அமுங்கும்படி செய்தார்கள். உட்காருபவர் முன்னால் பார்க்கும்படி திருப்பினார்கள். எதிர்வீட்டு அம்மாவின் தோளையும் முழங்கையையும் அளந்து கைப்பிடியையும் பிரேக்கையும் தாழ்த்தினார்கள். சமதரையில் சாதாரணச் சக்கர நாற்காலியாக ஓட வேண்டும், மடித்தால் டாக்சியின் பின்பெட்டிக்குள் போக வேண்டும். இரண்டு முறை பற்றவைப்பு விட்டுப்போனது. ஒருமுறை நான் பொறுமையிழந்து சுத்தியலை வீசினேன், யார் மேலும் படவில்லை.

மதிப்பீட்டு நாள் ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமைதான் நாற்காலி தயாரானது. இந்த முறை முதலில் அரிசி மூட்டை, ஒன்பதிலிருந்து ஐந்து வரை, மூன்று தடவை. ஒரு மணி அரிசிகூடச் சிந்தவில்லை. அக்கா என்னைக் கைகாட்டினாள். "அடுத்தது நீ உக்காரு."

உட்கார்ந்தேன். மலாய்க்கார அம்மா பின்னால் பிடித்துக்கொண்டாள். கீழே அத்தனை படியும் வாயைத் திறந்துகொண்டு கிடப்பதைப் பார்த்ததும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. முதல் படியில் சக்கரம் உருண்டபோது நானும் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அக்காவிடம் அப்போது சொல்லவில்லை. தட்டை அடைந்ததும் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன், அவள் நம்பியிருக்க மாட்டாள்.

பிறகு அவள் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் நாங்கள் கையை நீட்டிக்கொண்டு இறங்கினோம். "கையை எடுங்க, வழி தெரியல" என்று விரட்டினாள். ஒவ்வொரு படியிலும் டொக், டொக் என்று சக்கரம் உட்கார்ந்தது. ஒன்பதாவது படி வந்தது. ஸ்பிரிங் அமுங்கியது, நாற்காலி தட்டில் நின்றது. ஐந்தாம் மாடியில் லிஃப்ட் பொத்தானைத் தமிழ் மாணவன் அமுக்கப் போனான், அவள் அவன் கையைத் தட்டிவிட்டுத் தானே அமுக்கினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் அமுக்கிய முதல் பொத்தான் அது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வருவதாக முதலாளியிடம் சொல்லியாயிற்று. வியாழக்கிழமை காலை நாற்காலியை எடுத்துப் போய்த் துறைத் தலைவரிடம் காட்டிவிட்டு மாலையே திருப்பித் தருவதாக ஏற்பாடு. வியாழன் காலை எட்டு மணிக்கு வேனோடு போய் நின்றேன். அக்கா வீடு பூட்டியிருந்தது. தட்டினேன், கூப்பிட்டேன். எதிர்வீட்டு அம்மா ஈரக்கையைத் துடைத்தபடி வெளியே வந்து, மலாயில், "அக்கா சூடா பெர்கி கெர்ஜா லா!" என்றாள். அக்கா வேலைக்குப் போய்விட்டாளாம். ராத்திரி முதலாளி போன் செய்து, துணி குவிந்துவிட்டது, நாளைக்கே வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். காலை ஏழு மணிக்கே அந்த அம்மா அவளை இறக்கி டாக்சியில் ஏற்றிவிட்டிருக்கிறாள். நாற்காலி? நாற்காலியிலேதானே போனாள், கடை வாசலில் இரண்டு படி இருக்கிறதே என்று அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இரண்டு பிள்ளைகளின் கடைசி ஆண்டு மதிப்பெண். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வழி நெடுக வேனுக்குள் தனியாகத் திட்டிக்கொண்டே போனேன். கல்லூரியில் மாணவர்களிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவர்கள் பயப்படுவார்கள் என்று பார்த்தேன். தமிழ் மாணவன், "போயிட்டாங்களா சார்? தனியாவா?" என்று கத்தினான். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மதிப்பீட்டு அறையில் மற்ற ஜோடிகள் எல்லாம் தங்கள் பொருளை மேசைமேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேசையில் சுருட்டிய வரைபடங்களும் எழுபத்திரண்டு படிகளின் அளவுப் புத்தகமும் மட்டும். துறைத் தலைவர் வந்தார். வரைபடங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் சரி. பொருள் எங்கே?"

"அதை உபயோகிப்பவர் அதில் உட்கார்ந்து வேலைக்குப் போய்விட்டார், சார்" என்றான் தமிழ் மாணவன்.

அவர் என்னைப் பார்த்தார். இந்த மாதிரிச் சாக்குகளை இருபது வருஷமாகக் கேட்டவரின் பார்வை. மேசை ஓரத்திலிருந்த தொலைபேசியை என் பக்கமாகத் தள்ளி, கடைக்குக் கூப்பிடுங்கள் என்றார். எண்ணைச் சுழற்றினேன். முதலாளி எடுத்தார், அக்காவைக் கேட்டேன். பின்னால் ஒரே பெண்கள் கூட்டத்தின் சத்தம், கத்தரிக்கோல் மேசையில் வைக்கப்படும் சத்தம், பிறகு அக்காவின் குரல்.

"அக்கா, நான்தான். இங்க துறைத் தலைவர் பக்கத்துல..."

"டேய், அளவு எடுத்துட்டிருக்கேன். பொம்பளைங்க வாசல் வரைக்கும் நிக்கிறாங்க. இப்பத்தான் பேசணுமா? வை போனை" என்று வைத்துவிட்டாள்.

தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. துறைத் தலைவர் காத்திருந்தார். என்ன சொன்னார் என்று கேட்டார்.

"அவர் வேலையாக இருக்கிறாராம், சார்" என்றேன்.